ஜெபித்த காருக்கும் கைப்பிடிச்சுவர் வேண்டும்



இம்மாதம் காரைக் குறித்து எழுதப்போகிறேன் என்றால் உங்களில் சிலர் வியப்படையக்கூடும். குடும்ப ஜெபத்துக்குப்பின் வாசிக்கும் பத்திரிகையில் டயருக்கும் ஆயிலுக்கும் என்ன வேலை என்று கேட்கவும் கூடும். ஆனால் மும்பையில் இத்தனை ஆண்டுகள் செய்த ஊழியத்தில், வாகனங்களுக்காக நான் ஏறெடுத்த ஜெபங்கள் கொஞ்சமல்ல. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் வாடகை அறையில் வாழ்க்கையைத் தொடங்கிய நம்முடைய ஜனங்கள், தேவகிருபையினால் இன்றைக்குச் சொந்த வாகனம் வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். பலர் பழைய காரை வாங்குகிறார்கள். சிலர் டாக்சி ஓட்டிக் குடும்பத்தைப் போஷிக்கிறார்கள். வாகனம் வந்தவுடன் ஞாயிறு ஆராதனைக்குப்பின் சபை வாசலில் நிறுத்தி, "பாஸ்டர், ஒரு ஜெபம் பண்ணிடுங்க" என்று சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். முதலாவது தேவனிடத்தில் கொண்டுவருகிற அந்த மனம் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது.

ஆனாலும், சாவியைக் கையில் வைத்து ஜெபிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என் உள்ளத்தில் எழும்புகிறது. இந்த ஜெபத்துக்குப்பின் இந்தக் காரின் பானெட்டை இவர்கள் மறுபடியும் எப்போது திறப்பார்கள்?

நம்மைச் சுற்றிலும் வாழ்கிறவர்களில் பலர் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை. பின்கண்ணாடியில் வசன ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். அதைச் சாட்சியாக ஒட்டினால் நல்லதே. ஆனால் வசனம் ஒட்டியாயிற்று, இனி டயரைப் பார்க்கவேண்டியதில்லை என்ற எண்ணம் உள்ளத்தின் ஓரத்தில் வந்துவிட்டால், அந்த ஸ்டிக்கரே நமக்கு எலுமிச்சம்பழமாகிவிடுகிறது. வசனத்தை நாம் கண்ணாடியில் ஒட்டினோமேயொழிய, அதற்குக் கீழ்ப்படியவில்லை.

வேதத்தில் எந்த வசனத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறீர்களா? உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் அதன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று கர்த்தர் மோசேயின் மூலமாகக் கட்டளையிட்டார். அந்நாட்களில் மொட்டைமாடி மனிதர் புழங்கும் இடம். அங்கே படுப்பார்கள், ஜெபிப்பார்கள், சணல் தட்டைகளைக் காயவைப்பார்கள். அங்கிருந்து ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று வேதம் எச்சரிக்கிறது. தம்முடைய ஜனங்களைப் பாதுகாக்கத் தூதர்களை உடையவர், அதே ஜனங்களிடத்தில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சுவர் கட்டச் சொன்னார் என்பதைச் சிந்தியுங்கள். ஒருவனும் விழுவதற்கு முன்னமே கட்டச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள்.

"பாஸ்டர், இப்படியெல்லாம் பயப்படுவது விசுவாசக் குறைவு அல்லவா?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டதுண்டு. மத்தேயு 4-ம் அதிகாரத்தில் பிசாசு நம்முடைய ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதிக்கும்படி சொன்னான். அதற்கு அவன் வேதவசனத்தையே ஆதாரமாகக் காட்டினான். ஆண்டவர் குதிக்கவில்லை. அது தேவனைப் பரீட்சை பார்ப்பது என்று மறுத்தார். நெகேமியாவும் அவனோடிருந்தவர்களும் எதிரிகளின் நிமித்தம் ஜெபமும் பண்ணினார்கள், இராப்பகலாய்க் காவலும் வைத்தார்கள். மொட்டை டயரோடு விரைவுச்சாலையில் ஏறுகிறவன் விசுவாசத்தைக் காண்பிக்கவில்லை. உப்பரிகையிலிருந்து குதித்துப் பார்க்கிறான்.

ஒரு டிசம்பர் மாதம் எங்கள் சபைக் குடும்பம் ஒன்று கிறிஸ்துமஸுக்காகக் காரிலேயே திருநெல்வேலிக்குப் புறப்பட்டது. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாக ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள், வயதான பாட்டி. பிரயாண ஜெபத்துக்காக முந்தின நாள் மாலை வந்திருந்தார்கள். எங்கள் சபையில் ஒரு மூப்பர் உண்டு. சயான் பகுதியில் 30 ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக உழைத்தவர். நான் ஜெபிப்பதற்கு முன் அவர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்து, ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் குனிந்தார். பின்பக்கத்து டயர் ஒன்றில் பூ முழுவதும் தேய்ந்துபோயிருந்தது. பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. ஸ்டெப்னியில் காற்றே இல்லை. அவர் அந்தத் தகப்பனை உரக்கக் கடிந்துகொள்ளவில்லை. தனியே அழைத்துக்கொண்டுபோய், "தம்பி, இது பெங்களூருவரைகூட வராது" என்றார். அந்தச் சகோதரருக்கு முகம் வாடியது. ஊரிலுள்ளவர்களுக்குத் துணிமணி வாங்க வைத்திருந்த பணத்தில் இரண்டு டயர் வாங்கினார். ஒரு நாள் தாமதமாகப் புறப்பட்டார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பாட்டியம்மாள் தொலைபேசியில் என்னோடு பேசினார்கள். "புதுச் சேலை இல்லைன்னா என்ன ஐயா, பிள்ளைகளை முழுசா கொண்டுவந்து சேர்த்தாரே ஆண்டவர்" என்றார்கள்.

அருமையானவர்களே, அந்த மூப்பரிடத்தில் நான் கற்றுக்கொண்டவற்றையும், வாகனக் கையேடுகளில் வாசித்து அறிந்தவற்றையும் இங்கே உங்களுக்கு எழுதுகிறேன்.

டயரும் ஸ்டெப்னியும்

உங்கள் காருக்கு எவ்வளவு காற்று அடிக்கவேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ, கையேட்டிலோ எழுதப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளந்து பார்க்கவேண்டும். கோடைகாலத்தில் டயர் வெடிக்காதிருக்கும்படி காற்றைக் குறைத்து ஓட்டவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாய் நசுங்கி நிமிர்கிறது. அதினாலேயே அது மிகுதியாய்ச் சூடேறி வெடிக்கிறது. ஓடும்போது சூட்டினால் காற்றழுத்தம் கூடும் என்பதைக் கணக்கில் வைத்தே அந்த அளவை நிர்ணயித்திருக்கிறார்கள்.

டயரின் பள்ளங்களுக்குள்ளே குறுக்காகச் சிறு மேடுகள் உண்டு. பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பின் அந்த டயரை மாற்றியே ஆகவேண்டும். மழை பெய்யும் சாலையில் அது தண்ணீரை ஒதுக்காமல் அதின்மேல் வழுக்கிப்போகும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-ம் வாரத்தில் செய்யப்பட்டது என்று அறியலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படைந்து வெடிப்பு விடும். 5 ஆண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் விவரமறிந்தவரிடம் காண்பியுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதிருங்கள். இந்தப் பெயரின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. வேல்ஸ் தேசத்தின் லானெல்லி பட்டணத்தில், ஸ்டெப்னி என்ற பெயருடைய தெருவில் 1904-ம் ஆண்டு தோன்றியது இந்த மாற்றுச் சக்கரம். அதே 1904-ல், அதே லானெல்லிக்குச் சில மைல் தொலைவிலுள்ள லோகர் என்ற ஊரில் வாலிபனாகிய இவான் ராபர்ட்ஸ் ஜெபித்தபோது வேல்ஸ் எழுப்புதல் பற்றியெரிந்தது. அதைக் கேள்விப்பட்டு அடுத்த ஆண்டிலே நம்முடைய புனேக்கு அருகே கேட்காவில், பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி இல்லத்திலும் எழுப்புதல் உண்டாயிற்று. எழுப்புதல் பிறந்த மண்ணிலிருந்தே மாற்றுச் சக்கரமும் நமக்கு வந்தது. ஆனால் நம்மில் அநேகர் அந்தச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு தரம்கூடப் பார்ப்பதில்லை. புத்தியுள்ள கன்னிகைகள் கூடுதல் எண்ணெயை வைத்திருந்தார்கள் என்று பிரசங்கிக்கும் நாம், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

பிரேக்

பிரேக் ஆயிலுக்கு ஒரு இயல்பு உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது தனக்குள்ளே இழுத்துக்கொள்ளும். நம்முடைய மும்பையைப் போன்ற ஈரக்காற்றுள்ள கடலோரப் பட்டணங்களில் வாழ்கிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாயிருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்திலேதான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆகையால் கையேடு சொல்லுகிறபடி, பொதுவாக 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதை மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிரேக் பேடு கிறீச்சென்று சத்தமிடும்போதே மெக்கானிக்கிடம் போங்கள்.

ஊரிலிருந்து திரும்பி வருகையில் கண்டாலா மலைப்பாதையிலும், ஊருக்குப் போகையில் தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயிலும், கீழ் கியரில் வண்டியை இறக்குங்கள். என்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், என்ஜினை அணைத்துவிடுவதும் மரணத்துக்கு ஏதுவானவை. என்ஜின் அணைந்தால் பிரேக்குக்குத் துணையாய் நிற்கும் விசையும் சீக்கிரத்தில் அற்றுப்போகும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும்.

ஆயிலும் கூலன்டும்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, ஆயில் கேஜை உருவித் துடைத்து, மறுபடியும் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்கவேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும், காசு செலவில்லை. பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றும்படி கையேடு சொல்லும். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மாத்திரம் எடுக்கிற வண்டிதானே, இன்னும் 4,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லையே என்று சொல்லி மூன்று ஆண்டு விட்டுவிடாதிருங்கள். காலத்துக்கும் கணக்கு உண்டு.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே உப்புப் படிந்து, துருவும் ஏறும். கையேடு குறிப்பிடுகிற கூலன்டையே ஊற்றுங்கள். வெப்பம் காட்டும் விளக்கு எரிந்தால் உடனே ஓரமாய் நிறுத்துங்கள். சூடாயிருக்கும்போது மூடியைத் திறக்காதிருங்கள். கொதிக்கிற நீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

சிஎன்ஜி வண்டி வைத்திருக்கிறவர்கள் கேஸ் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை செய்யவேண்டிய ஹைட்ரோ டெஸ்டைத் தள்ளிப்போடாதிருங்கள். சிலிண்டர் இருப்பது உங்கள் பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குப் பின்னால்தானே.

மழைக்காலம்

2005-ம் ஆண்டு ஜூலை 26-ம் தேதியை மும்பைவாசிகளாகிய நாம் மறக்கக்கூடுமோ? சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கார்களுக்குள்ளேயே அகப்பட்டு மடிந்தவர்கள் உண்டு. தண்ணீர் ஏறும் சாலையில் வண்டி நின்றுவிட்டால், முதலாவது கதவோ கண்ணாடியோ திறக்கும் நிலையிலேயே வெளியே வந்துவிடுங்கள். காரைவிட நீங்கள் விசேஷித்தவர்கள். இரண்டாவது, தண்ணீரில் அணைந்துபோன என்ஜினை மறுபடியும் ஸ்டார்ட் செய்ய முயலாதிருங்கள். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதை முட்டும்போது உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளைந்துபோகும். கயிறு கட்டி இழுத்துச் சென்றால் சில ஆயிரங்களில் முடியும் காரியம், சாவியைத் திருப்பினதினால் பல்லாயிரங்களாகிவிடும்.

ஜூன் மாதத்து முதல் மழைக்கு முன்பாகவே வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். பேட்டரி பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுதான் உழைக்கும். காலையில் செல்ஃப் எடுக்கத் திணறினால் அது உங்களுக்குக் கொடுக்கப்படும் எச்சரிப்பு.

பழுதுகளுக்குரிய பணம்

இவையெல்லாம் தெரியும் பாஸ்டர், பணம் எங்கே என்று கேட்பீர்கள். டாக்சி ஓட்டும் சகோதரருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றுபோகும் என்பதை அறிவேன். தவணையும், வாடகையும், பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குச் செலவு செய்ய மனம் வராது. பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. தவணை தெரிகிறது.

2 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்தில் இதே நிலைமையைக் காண்கிறோம். யோவாஸ் ராஜா ஆலயத்தின் பழுதுகளைப் பார்க்கும்படி ஆசாரியர்களுக்குச் சொன்னான். பணமும் வந்துகொண்டிருந்தது. ஆனால் ராஜாவின் 23-ம் வருஷம்மட்டும் ஆசாரியர்கள் பழுது பார்க்கவில்லை. அவர்கள் பொல்லாதவர்கள் என்று அங்கே எழுதப்படவில்லை. அன்றாட வேலை நடந்துகொண்டிருந்தது, பழுது காத்திருந்தது, அவ்வளவே. அப்பொழுது யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதின் மூடியிலே துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். பழுதுக்கென்று வந்த பணம் அந்தப் பெட்டியில் விழுந்தது. நேரே தச்சருக்கும் கொத்தருக்கும் போயிற்று. வேலை நடந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி வையுங்கள். பெட்ரோலோ கேஸோ நிரப்பும் ஒவ்வொரு தடவையும் 100 ரூபாயை அதில் போடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை நிரப்புகிறவருக்கு ஆண்டில் 5,200 ரூபாய் சேரும். சிறிய காருக்கு ஆயில் மாற்றவும், பிரேக் ஆயில் மாற்றவும், வைப்பர் வாங்கவும் அது பெரும்பாலும் போதும். டாக்சி ஓட்டுகிறவர்கள் தினமும் நிரப்புகிறபடியால், டயருக்குரிய பணமும் அதிலேயே சேர்ந்துவிடும். அந்த அதிகாரத்திலேயே வேலைக்காரர் உண்மையாய் நடந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்தால் அவரிடமே நிலைத்திருங்கள். அவருடைய கூலியில் பேரம் பேசி அவரைச் சோர்ந்துபோகப்பண்ணாதிருங்கள்.

உடன் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் சபை வேன் பல இடங்களில் யாருடைய பொறுப்பிலும் இல்லை. எல்லாரும் ஓட்டுகிறார்கள், ஒருவரும் பானெட்டைத் திறப்பதில்லை. சபைக் கமிட்டியில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ஒரு நோட்டில் ஆயில் மாற்றிய தேதியையும், டயர் வாங்கிய தேதியையும், காப்பீடு முடியும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பிற வீட்டார் தங்கள் பிள்ளைகளை நம்மை நம்பி அனுப்புகிறார்கள். உபாகமத்தில் சொல்லியிருக்கிற இரத்தப்பழி சபைக்கும் பொருந்தும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் மாத்திரம் நம்முடைய தேசத்தின் சாலைகளில் 1,68,491 பேர் மரித்தார்கள். அவற்றில் பெரும்பகுதி அதிவேகத்தினால் நேர்ந்தவை. டயரும் பிரேக்கும் சரியாயிருந்தால் எல்லா விபத்தும் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. எதிரே வருகிறவனுடைய வேகம் நம்முடைய கையில் இல்லை. அதற்காகத்தான் ஜெபிக்கிறோம். நம்முடைய டயரோ நம்முடைய கையில் இருக்கிறது. நம்மால் கூடாததைத் தேவனிடத்தில் கேட்பது ஜெபம். நம்மால் கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதையும் அவரிடத்தில் கேட்பது சோம்பல்.

ஆகையால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் ஒரு அரைமணி நேரத்தை ஒதுக்குங்கள். ஸ்டெப்னியோடு ஐந்து டயர்களின் காற்று, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயிலின் அளவு, விளக்குகள், வைப்பர், இவற்றைப் பாருங்கள். உங்கள் மகனையும் மகளையும் அருகே நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். சகோதரிகளே, ஓட்டுகிறவர் கணவராயிருந்தாலும், டயரைப் பார்த்தீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகளும் போகிறார்கள். பார்த்து முடித்தபின், வண்டியின்மேல் கைகளை வைத்துக் குடும்பமாய் ஜெபம்பண்ணுங்கள்.

இப்பொழுதெல்லாம் யாராவது சாவியைக் கையில் கொடுத்தால், நான் முதலாவது அந்த மூப்பரைத்தான் கூப்பிடுகிறேன். அவர் குனிந்து நான்கு டயரையும் பார்த்து, பானெட்டை மூடி, "ஜெபிக்கலாம் பாஸ்டர்" என்று சொன்னபின் ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல எனக்கு அதிக தைரியம் இருக்கிறது.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களையும், உங்கள் கைகளின் பிரயாசங்களையும், நீங்கள் போகும் வழிகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.